மையக்கருத்துப் பயிற்சிநூல்கள்: வாங்கும் முன் விடைப்பகுதியைப் புரட்டுங்கள்

ஒரு பத்தியைப் படித்து அதன் மையக்கருத்தைப் பிடிக்கவும், அதைத் தாங்கி நிற்கும் விவரங்களைப் பிரித்தெடுக்கவும் பயிற்சி தரும் பொருட்கள் நான்கு வகையாகக் கிடைக்கின்றன. அச்சுப் பயிற்சிநூல், வாசிப்பு அட்டைப் பெட்டி, கைபேசிச் செயலி, இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளும் பயிற்சித்தாள். தனியாகப் படிப்பவருக்கு, விளக்கமான விடைப்பகுதி உள்ள அச்சுநூல்தான் ஏற்றது. இரண்டு பேர் சேர்ந்து உட்கார முடிந்தால் அட்டைப் பெட்டி அதையும் மிஞ்சும். செயலியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அதை மட்டுமே நம்பக் கூடாது. பயிற்சித்தாள் கொஞ்சம் கைவேலை கேட்கும்.

நூல் என்றால் அட்டைப்படத்தையும் தாளின் வழவழப்பையும் பார்ப்பதற்கு முன்னால் கடைசிப் பக்கங்களைத் திறக்க வேண்டும். ‘1-ஆ, 2-ஈ, 3-அ’ என்று வெறும் எழுத்துகள் அணிவகுத்து நின்றால் அந்த நூலை அங்கேயே வைத்துவிடலாம். மையக்கருத்துக் கேள்வியில் தவறுகிறவருக்குச் சரியான விடை எது என்று சொன்னால் மட்டும் போதாது. தான் தேர்ந்தெடுத்த வாக்கியமும் பத்தியில் உள்ளதுதானே, அது ஏன் மையக்கருத்து ஆகாது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லாத விடைப்பகுதி, மதிப்பெண் போட மட்டுமே உதவும். நன்னூல் என்ற இலக்கண நூல், நூற்பாவுக்குச் சுருக்கமாக எழுதும் காண்டிகையுரைக்கு ஐந்து உறுப்புகள் சொல்கிறது: கருத்து, பதப்பொருள் (சொற்பொருள்), காட்டு (எடுத்துக்காட்டு), வினா, விடை. நல்ல விடைப்பகுதிக்கும் அதே இலக்கணம் பொருந்தும். கருத்து இது, அதற்குப் பத்தியில் உள்ள சான்று இது, எழக்கூடிய ஐயம் இது, அதற்கு மறுமொழி இது என்று நான்கைந்து வரியாவது இருக்க வேண்டும்.

விடைப்பகுதி தேறினால் அடுத்து ஏதாவது ஒரு பத்தியை எடுத்து, அதன் நான்கு தெரிவுகளையும் உரசிப் பார்க்கலாம். எப்படி என்பதற்கு ஒரு மாதிரி:

“கடல் மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால், 3,000 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 90 பாகையிலேயே அது கொதித்துவிடும். தண்ணீர் தளதளவென்று கொதிப்பதைக் கண்டதும் கிழங்கு வெந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் கிழங்கை வேகவைப்பது கொதிப்பு அல்ல, வெப்பம்தான். அதனால்தான் மலைமேல் திறந்த பாத்திரத்தில் வைத்த கிழங்கு, நீர் வெகுநேரம் கொதித்தும் வேகாமல் நிற்கிறது. ஆவியை உள்ளேயே அடைத்து அழுத்தத்தைக் கூட்டும் குக்கர், நீரின் வெப்பத்தை ஏறத்தாழ 120 பாகை வரை கொண்டுபோய் இந்தக் குறையை ஈடுகட்டுகிறது.”

இதற்கு ஓர் அக்கறையுள்ள நூல் தரக்கூடிய தெரிவுகள்: (அ) உயரமான இடங்களில் நீர் குறைந்த வெப்பத்தில் கொதிக்கிறது. (ஆ) சமையல் முழுவதும் அறிவியலை அடிப்படையாகக் கொண்டது. (இ) குக்கரில் சமைத்தால் எரிபொருள் மிச்சமாகும். (ஈ) உணவு வேகுவதைத் தீர்மானிப்பது நீர் கொதிப்பது அல்ல, அது எட்டும் வெப்பநிலை.

‘ஈ’ சரி. மற்ற மூன்றும் மூன்று விதமாகத் தவறு. இந்தத் தவறுகளின் தரத்தில்தான் நூலின் தரம் தெரியும். ‘அ’ குறுகியது. பத்தியில் உண்மையாகவே இருக்கிறது, ஆனால் குக்கரைப் பற்றிய வாக்கியத்தை அது தாங்காது. ‘ஆ’ அகன்றது. ஆறு வாக்கியப் பத்திக்கு ஒரு நூலின் தலைப்பைச் சூட்டுகிறது. ‘இ’ வெளியிலிருந்து வந்தது. உலகில் உண்மை, பத்தியில் இல்லை. இந்த மூன்று வகையும் நூல் முழுக்க மாறி மாறி வர வேண்டும். கூடவே நான்காவது வகை ஒன்றும் வேண்டும்: பத்தியின் சொற்களையே எடுத்துப் பொருளை மட்டும் திருப்பிவைக்கும் தெரிவு. ‘நீர் வெகுநேரம் கொதித்தால் மலையிலும் கிழங்கு விரைவில் வெந்துவிடும்’ என்பது போல. சொல்லைத் தேடிப் பொருத்துகிறவர்கள் இதில்தான் சிக்குவார்கள். சிக்கினால்தான் அந்தப் பழக்கம் இருப்பது வெளியே தெரியும். பல நூல்களில் தவறான தெரிவுகள் பத்திக்குச் சற்றும் தொடர்பில்லாதவை. கிழங்கைப் பற்றிய பத்திக்கு யானையைப் பற்றிய தெரிவு. அதில் பத்துக்குப் பத்து வாங்கி என்ன பயன்?

கடையிலேயே நின்று செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. பத்தியைக் கையால் மூடிக்கொண்டு, கேள்வியையும் தெரிவுகளையும் மட்டும் பார்த்துப் பத்து கேள்விகளுக்கு விடை குறிக்க வேண்டும். நான்கு தெரிவு என்றால் குருட்டாம்போக்கில் இரண்டு மூன்று சரியாகும். ஆறு, ஏழு சரியானால் கேள்விகளே விடையைக் கசியவிடுகின்றன என்று பொருள். பெரும்பாலும் காரணம் இதுதான்: சரியான விடை மட்டும் நீளமாகவும் நிதானமாகவும் எழுதப்பட்டிருக்கும், தவறானவற்றில் ‘எப்போதும்’, ‘மட்டுமே’, ‘ஒருபோதும்’ போன்ற சொற்கள் காட்டிக்கொடுக்கும். அப்படிப்பட்ட நூலில் பழகுகிறவர் பத்தி வாசிப்பதை விட்டுவிட்டுத் தெரிவு வாசிக்கக் கற்றுக்கொள்வார்.

இனி, இந்த நூல்கள் பரப்பும் மிகப் பெரிய தவறான பாடம்: ‘மையக்கருத்து முதல் வாக்கியத்தில் இருக்கும்’. ரிச்சர்ட் பிராடக் என்ற ஆய்வாளர் 1974-இல், தேர்ந்த எழுத்தாளர்களின் ஆங்கிலக் கட்டுரைகளை எடுத்துப் பத்தி பத்தியாக ஆராய்ந்தார். மையக்கருத்தை முதல் வாக்கியத்திலேயே சொன்ன பத்திகள் 13 விழுக்காடுதான். பயிற்சிநூலுக்கென்று செய்யப்படும் பத்திகளிலோ பெரும்பாலானவை முதல் வாக்கியத்திலேயே அதைப் போட்டு உடைத்துவிடுகின்றன. நூலை வாங்கியவர் அதில் தேறிவிடுவார். நாளிதழ்க் கட்டுரையையோ தேர்வுத்தாளையோ கையில் எடுத்ததும் தடுமாறுவார். மேலே உள்ள மாதிரியில் மையம் நான்காவது வாக்கியத்தில் இருக்கிறது. முதல் வாக்கியத்தைப் பிடித்தவருக்கு வெறும் வெப்ப அளவுதான் கிடைக்கும். கடைசியைப் பிடித்தவருக்குக் குக்கர் விளம்பரம் கிடைக்கும்.

எனவே நூலைப் புரட்டும்போது ஒரு பத்துப் பத்தியில் மையம் எங்கெங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. தொடக்கத்தில் மூன்று, நடுவில் இரண்டு, முடிவில் மூன்று, எங்குமே நேராகச் சொல்லப்படாதவை இரண்டு என்ற அளவில் கலந்திருந்தால் அது யோசித்துத் தொகுத்த நூல். கடைசி வகை கட்டாயம் வேண்டும். ஆன் பிரவுன், ஜீன் டே இருவரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வு, சுருக்கி எழுதும்போது வாசகர் செய்யும் வேலைகளைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டியது: தேவையற்றதை நீக்குவது, திரும்ப வருவதை நீக்குவது, பட்டியலை ஒரே பொதுச்சொல்லால் குறிப்பது, பத்தியில் உள்ள மைய வாக்கியத்தைத் தேர்வது, அப்படி ஒன்று இல்லாதபோது தானே உருவாக்குவது. நீக்கும் வேலையை ஐந்தாம் வகுப்பு மாணவர்களே நன்றாகச் செய்தார்கள். தானே வாக்கியம் உருவாக்குவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. ஆனால் சந்தையில் உள்ள பயிற்சிகளில் பெரும்பகுதி, எளிதில் கைவரும் அந்த முதல் படிகளிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு நூலில் ‘மையக்கருத்தை உங்கள் சொற்களில் ஒரே வாக்கியமாக எழுதுக’ என்ற கேள்வி பத்திக்கு ஒன்றாவது இல்லையென்றால், அதில் 200 பத்திகள் இருந்தாலும் வாங்க வேண்டாம். 40 பத்தி, ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து கேள்வி, அதில் ஒன்று எழுதும் கேள்வி. இது போதுமான அளவு.

எழுதிய வாக்கியத்தை எப்படித் திருத்துவது என்பதையும் நூல் சொல்லித்தர வேண்டும். மூன்று மதிப்பெண் முறை நன்றாக வேலை செய்கிறது. எதைப் பற்றிய பத்தி என்ற பேசுபொருள் வாக்கியத்தில் இருந்தால் ஒன்று. அதைப் பற்றிப் பத்தி என்ன சொல்கிறது என்ற கூற்று இருந்தால் ஒன்று. எண், பெயர், எடுத்துக்காட்டு எதையும் இழுத்துப் போடாமல் பொதுவாக நின்றால் ஒன்று. ‘மலையில் சமைப்பது’ என்று எழுதினால் ஒரு மதிப்பெண் கிடைப்பதே அதிகம். அது பேசுபொருள், கருத்து என்றால் பயனிலை வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை முதல் பாடத்திலேயே தெளிவாக்காமல், பேசுபொருளையும் மையக்கருத்தையும் பத்தியின் தலைப்பையும் ஒன்றாகக் குழப்பும் நூல்கள் நிறைய. ‘ஏற்ற தலைப்பு இடுக’ நல்ல பயிற்சிதான், ஆனால் அது வேறு பயிற்சி.

தமிழில் படிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பயிற்சிநூல் பிறமொழி நூலை அப்படியே பெயர்த்ததா, தமிழிலேயே எழுதப்பட்டதா? நமது வாக்கியத்தில் பயனிலை கடைசியில் வருகிறது. ‘சென்று, கண்டு, அறிந்து’ என்று வினையெச்சங்கள் அடுக்கி வரும் நீண்ட வாக்கியத்தில், சொல்ல வந்த சேதி முற்றுவினையில்தான் முடியும். முன்பாதியை மட்டும் படித்துவிட்டுக் கருத்தைப் பிடித்ததாக நினைப்பது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. பிறகு அழுத்தம் தரும் இடைச்சொற்கள்: ‘வெப்பம்தான்’ என்பதில் உள்ள ‘தான்’, ‘90 பாகையிலேயே’ என்பதில் உள்ள ஏகாரம். எழுத்தாளர் எங்கே அழுத்துகிறார் என்பதற்கு இவை கைகாட்டிகள். ஆனால் எல்லா ஏகாரமும் மையத்தைக் காட்டாது என்பதற்கு அந்த ‘90 பாகையிலேயே’ சான்று. அது துணை விவரத்தில் நிற்கிறது. ‘என்று நினைத்துக்கொள்கிறோம்’, ‘என்று சிலர் கருதுவர்’ என வந்தால் அடுத்து ஓர் ‘ஆனால்’ காத்திருக்கிறது. மையம் பெரும்பாலும் அந்த ‘ஆனாலுக்கு’ப் பிறகுதான். ‘எடுத்துக்காட்டாக’, ‘ஏனெனில்’, ‘முதலாவதாக’ ஆகியவற்றுக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் துணை விவரம். ‘ஆகவே’, ‘இதனால்’ இரண்டையும் அப்படி நம்பக் கூடாது. முடிவையும் சுட்டும், வெறும் விளைவையும் சுட்டும். மாதிரியில் ‘அதனால்தான்’ என்பது விளைவு. இந்தச் சொற்பட்டியலை மட்டும் தந்து, அது தோற்கும் இடங்களைக் காட்டாத நூல் பாதிப் பாடம்தான் நடத்துகிறது.

துணை விவரங்களைப் பொறுத்தவரை பெரும்பாலான நூல்கள் கேட்கும் கேள்வியே தவறு. ‘3,000 மீட்டர் உயரத்தில் நீர் எத்தனை பாகையில் கொதிக்கும்?’ என்பது தேடியெடுக்கும் கேள்வி. கண் இருந்தால் போதும். ‘90 பாகை என்ற எண் எதை நிறுவ வந்தது?’ என்பதுதான் துணைக்கருத்துக் கேள்வி. விவரத்துக்கும் மையத்துக்கும் உள்ள உறவைக் கேட்க வேண்டும்: காரணமா, எடுத்துக்காட்டா, எண்ணா, விளக்கமா, ஒப்பீடா? சரிபார்க்க ஓர் எளிய வழி: விவரத்தைச் சொல்லி, மையக்கருத்தைச் சொல்லி, நடுவில் ‘என்பது காட்டுவது’ என்று சேர்த்துப் பார்ப்பது. ‘மலைமேல் நீர் கொதித்தும் கிழங்கு வேகவில்லை என்பது காட்டுவது, வேகவைப்பது கொதிப்பு அல்ல என்பதை.’ ஒட்டுகிறது. ஒட்டாத விவரம் வேறொரு விவரத்துக்குத் துணையாக வந்திருக்கலாம். 100, 90 என்ற இரண்டு எண்களும் ‘உயரத்தில் கொதிநிலை குறைகிறது’ என்ற முதல்நிலை விவரத்தைத் தாங்கும் அடுத்தநிலை விவரங்கள். இந்த இரண்டு அடுக்கைப் பிரிக்கச் சொல்லும் நூல் கிடைத்தால் விடக் கூடாது.

மூன்றாவது வாக்கியம் என்ன ஆகும்? ‘கிழங்கு வெந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம்’ என்பது மையமும் இல்லை, துணையும் இல்லை. மறுக்கப்படுவதற்காக வந்த எண்ணம். ‘மையம்’, ‘துணை’ என்று இரண்டே கட்டம் போட்ட நூலில் அதைத் துணையில்தான் திணிக்க வேண்டியிருக்கும். அறிமுகம், எதிரெண்ணம், இணைப்பு வாக்கியம் ஆகியவற்றுக்கு ஒரு மூன்றாம் கட்டம் தேவை.

கட்டம் என்றதும் படவரைவுகள் நினைவுக்கு வரும். மேசைப் படம் (பலகை மையக்கருத்து, கால்கள் விவரங்கள்), குடைப் படம், மரப் படம் என்று பல. தொடக்கநிலையினருக்கு மேசைப் படம் மிக நல்லது: கால் பலகையைத் தாங்குகிறதா என்ற கேள்வி கண்முன் நிற்கிறது. ஆனால் எல்லாப் பத்திக்கும் நான்கு கால் வரைந்து வைப்பது பிழை. இரண்டே முதல்நிலை விவரம் உள்ள பத்தியில் மாணவர் மூன்றாவதையும் நான்காவதையும் எங்கிருந்து கொண்டுவருவார்? எண்ணையோ எதிரெண்ணத்தையோ பிய்த்துக் காலாக்குவார். காலின் எண்ணிக்கையை வாசகரே வரைந்துகொள்ள இடம் விட்ட நூல் நல்லது.

பத்தியின் நீளத்தில் ஒரு படிவரிசை தேவை. 60 முதல் 80 சொல் வரை ஒற்றைப் பத்தி, பிறகு 120 முதல் 150, கடைசியில் மூன்று நான்கு பத்திகள் கொண்ட 300 சொல் கட்டுரை. பல பத்திகள் வரும்போது ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மையம், அவை எல்லாம் சேர்ந்து தாங்கும் பெரிய மையம் ஒன்று என்ற அமைப்பு புரிய வேண்டும். ஒற்றைப் பத்தியோடு நின்றுவிடும் நூல் பாதி வழியில் இறக்கிவிடுகிறது. பாடப்பொருளும் பரவலாக இருக்க வேண்டும். டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், 64 மாணவர்களுக்கு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். விலங்குகளைப் பற்றியே 40 பத்தி எழுதிய நூலில் எடுக்கும் மதிப்பெண்ணை வைத்து வாசிப்புத் திறனை எடைபோட முடியாது என்பது இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம். அறிவியல், வரலாறு, வாணிகம், கலை, சட்டம் எல்லாம் கலந்திருப்பதே பாதுகாப்பு.

அச்சமைப்பில் மூன்றே விஷயம்: பத்தியும் கேள்வியும் எதிரெதிர்ப் பக்கத்தில், ஐந்து வரிக்கு ஒரு வரியெண், எழுத இரண்டு வரி இடம். பக்கத்தைத் திருப்பித்தான் பத்தியைப் பார்க்க வேண்டும் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நினைவிலிருந்தே விடை போடுவார்கள். ஹைலைட்டர் பயன்படுத்துகிறவர்கள் மையத்துக்கு ஒரு நிறம், முதல்நிலை விவரங்களுக்கு ஒரு நிறம் என்று இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறமேறிவிட்டால் தேர்வு நடக்கவில்லை என்று பொருள்.

அட்டைப் பெட்டிக்கு வருவோம். பத்தியை வாக்கியம் வாக்கியமாக வெட்டி ஆறு முதல் எட்டு சீட்டுகளாகத் தருவார்கள். மற்ற சீட்டுகளை எல்லாம் தன்கீழ் வைத்துக்கொள்ளக்கூடிய சீட்டு எது என்று தேட வேண்டும். கையால் நகர்த்திப் பார்ப்பதால் தாங்குவது, தாங்கப்படுவது என்ற உறவு கண்ணுக்குத் தெரிகிறது. எந்த நூலும் இதை இவ்வளவு தெளிவாகக் காட்டாது. எதிரில் இருப்பவர் ஒரு சீட்டை எடுத்துவிட்டு ‘இது இல்லாமல் கருத்து நிற்கிறதா?’ என்று கேட்டால் வாதம் தொடங்கிவிடும். அந்த வாதமே பயிற்சி. வாங்கும்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும். பத்திக்குத் தொடர்பற்ற ஒரு சீட்டாவது கலந்திருக்கிறதா? மையக்கருத்து சொல்லப்படாத பத்திக்கென வெற்றுச் சீட்டு இருக்கிறதா? சீட்டின் பின்புறம் வரிசையெண் அச்சிட்டுக் கெடுத்திருக்கிறார்களா? பத்துப் பன்னிரண்டு பத்திதான் உள்ள பெட்டியை வாங்க வேண்டாம். இரண்டாம் சுற்றில் வாசகர் யோசிக்க மாட்டார், நினைவிலிருந்தே அடுக்கிவிடுவார்.

செயலிகளில் நல்லது, எழுத்தைப் பெரிதாக்கலாம், உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், பத்திகளுக்குப் பஞ்சமில்லை. கெட்டது பல. சிறிய திரையில் பத்தி மேலே போய்விடும், கேள்வி மட்டும் நிற்கும். கடிகாரம் ஓடும். தவறினால் சிவப்பு, சரியானால் நட்சத்திரம், அதோடு அடுத்த கேள்வி. குறுகியது, அகன்றது, வெளியிலிருந்து வந்தது, திரித்தது என்று பிழையை வகைபிரித்துக் காட்டும் செயலி கிடைத்தால் அதற்குக் காசு கொடுக்கலாம். எந்த வகையில் தொடர்ந்து தவறுகிறோம் என்று தெரிவது அவ்வளவு மதிப்புள்ள செய்தி. எழுதும் விடையைத் தானே திருத்துவதாகச் சொல்லும் செயலியை ஒரு பொய் விடையால் சோதிக்க வேண்டும். மாதிரிப் பத்திக்கு ‘கொதிக்கும் நீரில் வெப்பம் இல்லாவிட்டாலும் உணவு வெந்துவிடும்’ என்று எழுதிப் பாருங்கள். சொற்கள் எல்லாம் பொருந்துகின்றன, பொருள் தலைகீழ். பாராட்டு வந்தால் அந்தச் செயலி சொற்களை எண்ணுகிறது, படிக்கவில்லை.

இலவசப் பயிற்சித்தாள்களில் பத்தி நன்றாகவும் கேள்வி மோசமாகவும் இருப்பதே வழக்கம். அதனால் பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு கேள்விப் பகுதியை மடித்துவிடலாம். முதல் வாக்கியம் மையக்கருத்தாக இருந்தால் அதைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு, எஞ்சியவற்றிலிருந்து அதை ஊகித்து எழுதச் சொல்லலாம். எளிய தாள் அந்தக் கணமே கடினமான தாளாகிவிடும். எழுதி முடித்தபின் அடித்த வாக்கியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதால், அடிக்கும் முன் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.